வேஷம் கட்டிய கரி: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, "இனிமேல் கரியைக்கூட மருந்தாக்கிவிடுவார்கள் போலிருக்கிறது" என்று சும்மா ஒரு வரி எழுதிவைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. சரி, இந்த மாதம் முழுக்கக் கரிதான், அதாவது கார்பன். நெஞ்செரிச்சலுக்கு வழி கேட்ட வெருலம் அன்பர் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும், அதுவரை ராத்திரியில் மிளகாய் ஊறுகாயைத் தொடாமல் இருந்து பார்க்கட்டும்.

கேள்வி: என் அக்கா மகன் வெஸ்ட்வில் வளாகத்தில் வேதியியல் படிக்கிறான். என்னடா ஆராய்ச்சி என்றால் "கார்பன் குழாயின் மேற்பரப்பை மாற்றுகிறேன் சின்னம்மா, மருந்துக்காக" என்கிறான். கரி எப்படி ஐயா மருந்தாகும்? அதை மாற்றுவது என்றால் என்ன? – சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சின்னம்மா

அம்மா, உங்கள் பிள்ளை சொன்னதில் கார்பன் குழாய் என்பது பாதிதான். "மேற்பரப்பை மாற்றுகிறேன்" என்றானே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டை ஒரே ஓர் அணுக் கனத்துக்கு உரித்தெடுத்தால் அதற்குப் பெயர் கிராஃபீன். 2004இல் மான்செஸ்டரில் இரண்டு பேர் சாதாரண ஒட்டும் டேப்பை வைத்தே அதை உரித்துக் காட்டினார்கள், 2010இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். அந்தத் தாளைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டினால் வருவது நானோகுழாய். 1991இல் ஜப்பானில் இஜிமா அதைப் பற்றி எழுதியதிலிருந்துதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. ஒற்றைச் சுவர்க் குழாய் என்றால் கனம் ஒன்றிரண்டு நானோமீட்டர் (ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). நம் தலைமுடி ஏறத்தாழ 80,000 நானோமீட்டர், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே கார்பன் பந்தாக மூடிக்கொண்டால் ஃபுல்லரீன், அதைப் பற்றிப் பின்னால் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மருத்துவர்கள் ஏன் இதன்மேல் கண்வைத்தார்கள்? முதல் காரணம் பரப்பு. ஒரு கிராம் கிராஃபீனை முழுக்க விரித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 2,630 சதுர மீட்டர், அதாவது பத்து டென்னிஸ் களம். அத்தனை இடத்தில் எவ்வளவு மருந்தை ஏற்றலாம்! இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஒரு பகுதி சதைக்குள் கொஞ்ச தூரம் போகும். போகிற வழியில் இந்தக் குழாய் இருந்தால் அந்த ஒளியை விழுங்கிச் சூடாகிவிடும். கட்டிக்குள் குழாயை நிறுத்திவைத்து வெளியிலிருந்து ஒளி காட்டினால் கட்டி மட்டும் வெந்துபோகும் அல்லவா? ஆய்வகத்துச் செல்களிலும் சுண்டெலிகளிலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல சரக்குக்கு ஒரு பெரிய குறை. தண்ணீர் அதற்கு ஆகாது. வெறும் நானோகுழாயைத் தண்ணீரில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டி, தாளிக்காத கறுப்புக் கொத்துமல்லித் துவையல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரத்தத்தில் உப்பு வேறு இருக்கிறது, இன்னும் மோசம். கட்டி கட்டியாகத் திரண்டால் நுண்ணிய ரத்தக்குழாயை அடைக்கலாம். அடைக்காவிட்டாலும் கல்லீரலும் மண்ணீரலும் குப்பை என்று பிடித்து வைத்துக்கொள்ளும். இதைச் சரிசெய்வதற்குத்தான் உங்கள் பிள்ளை இரவு பகலாக வேலை பார்க்கிறான்.

வழி இரண்டு. ஒன்று, ஆணி அடிப்பது. அடர் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்து, அதில் குழாயைப் போட்டுச் சூடாக்கியோ ஒலி அலையால் குலுக்கியோ எடுப்பார்கள். குழாயின் முனையிலும் பழுதான இடங்களிலும் கார்பாக்சில் தொகுதிகள் முளைக்கும். தண்ணீருக்கு அவை பிடிக்கும், உடனே கலந்துகொள்ளும். அதே அமிலம் நீளமான குழாயைத் துண்டாக்கும், தயாரிப்பின்போது தங்கிவிட்ட இரும்பு, நிக்கல் துகள்களையும் பெருமளவு கரைத்துவிடும். முளைத்த ஆணியில் எதை வேண்டுமானாலும் மாட்டலாம். ஆனால் சுவரில் ஆணி அடித்தால் சுவர் கொஞ்சம் பெயரும்தானே, அதுபோல கார்பன் அணுக்களின் அறுகோண வலை அங்கங்கே உடைந்து, அந்த ஒளி விழுங்கும் குணமும் மின்சாரம் கடத்தும் குணமும் மங்கிப்போகும்.

இரண்டாவது வழி போர்த்துவது. சிகைக்காய் எப்படி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது? ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அப்படிப்பட்ட கொழுப்பு மூலக்கூறுகளையோ, டி.என்.ஏ இழையையோ குழாயைச் சுற்றி விட்டுவிடலாம், சுவர் அப்படியே இருக்கும். டாக்ஸோரூபிசின் என்று சிவப்பாக ஒரு புற்றுநோய் மருந்து உண்டு, அதன் உருவம் தட்டையான வளையங்கள் என்பதால் யாரும் ஒட்டாமலே கார்பன் பரப்பில் தட்டு மேல் தட்டு அடுக்கியதுபோலப் போய் ஒட்டிக்கொள்ளும். அமிலத்தன்மை சற்று கூடிய இடத்தில் பிடி தளரும், புற்றுக்கட்டிக்குள் அமிலத்தன்மை கூடுதல். வசதியாகப் போயிற்று. ஆனால் போர்த்தியது நழுவவும் செய்யும், ரத்தத்தில் உள்ள புரதங்கள் வந்து இழுத்தால் போர்வை போய்விடலாம்.

தைப்பூசத்தில் வெறும் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு போனால் யாராவது காவடி என்பார்களா? பால்செம்பு, மயிலிறகு, எலுமிச்சை, சலங்கை எல்லாம் கட்டின பிறகுதான் அது காவடி. இங்கேயும் அப்படித்தான். குழாய் என்பது மூங்கில். அதில் பால்செம்பு மாதிரி மருந்தைத் தொங்கவிடுவார்கள். எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று காட்ட ஃபோலிக் அமிலமோ ஓர் எதிர்ப்புரதமோ (ஆன்டிபாடி) கட்டுவார்கள், ஏனென்றால் பல புற்றுச் செல்களின் மேல் ஃபோலிக் அமிலத்தைப் பிடிக்கும் கொக்கி அதிகம். காவலாளிச் செல்கள் கண்டுகொள்ளாமல் இருக்கப் பெக் என்ற நீளமான வழுவழு இழையால் மூடுவார்கள். இந்தப் பெக் வேறொன்றுமில்லை, மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கும் மக்ரோகோல் தூள் இருக்கிறதே, அதன் குடும்பம்தான். எங்கும் புழங்குவதாலோ என்னவோ, பலருடைய ரத்தத்தில் பெக்குக்கு எதிரான எதிர்ப்புரதம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் இந்த முகமூடியும் எல்லாரிடமும் எடுபடாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இத்தனை அலங்காரத்தோடு ரத்தத்துக்குள் இறக்கினால், இறங்கின சில நொடியிலேயே அங்குள்ள புரதங்கள் வந்து மேலே அப்பிக்கொள்ளும். நாம் கட்டி அனுப்பிய காவடிக்கு மேல் வழியில் நிற்கிற ஊர் முழுக்க மாலை போட்டதுபோல. கடைசியில் செல்லின் கண்ணுக்குத் தெரிவது நம் அலங்காரம் இல்லை, அந்த மாலைதான். ஆய்வகக் குப்பியில் அழகாக வேலை செய்த எத்தனையோ சரக்கு உடம்புக்குள் போனதும் ஊமையாகிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

அதனால், அம்மா, உங்கள் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். இல்லை, நானோகுழாயில் ஏற்றிய புற்றுநோய் மருந்து எந்த நாட்டிலும் இன்னும் அனுமதி பெறவில்லை. அதே டாக்ஸோரூபிசினை பெக் போர்த்திய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த மருந்து 1995இலேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டது. கொழுப்பு உடம்புக்குப் பழக்கமான பொருள், எப்படிக் கரைப்பது என்று உடம்புக்குத் தெரியும். கார்பன் அப்படியில்லை. பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், நல்ல இடத்தில்தான் கைவைத்திருக்கிறான், ஆனால் முடிவுக்கு அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: நானோகுழாயும் ஆஸ்பெஸ்டாஸும் ஒன்று என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எங்கள் வீட்டுக் கூரையே இன்னும் பழைய ஆஸ்பெஸ்டாஸ்தான். அதையே அகற்ற வழியில்லாமல் இருக்கும்போது அதன் தம்பியை ஊசியில் ஏற்றுகிறார்களா? – பீனிக்ஸ் வாசகர்

கோபம் நியாயம். நானும் அப்படி ஒரு கூரையின் கீழ்தான் வளர்ந்தேன், மழை பெய்தால் வீட்டுக்குள் பேசுவது கேட்காது. ஆலங்கட்டி மழையில் ஓடு உடைந்தால் அப்பா ரம்பத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறி அறுப்பார், நாங்கள் கீழே நின்று வெள்ளைத் தூளில் விரலால் பெயர் எழுதுவோம். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இந்த விஷயத்தில் நம் தென்னாப்பிரிக்காவுக்கு உலக வரலாற்றிலேயே ஓர் இடம் உண்டு, பெருமைப்படக்கூடிய இடம் இல்லை. வடக்கு கேப்பில் பிரீஸ்காவைச் சுற்றி நீல ஆஸ்பெஸ்டாஸ் வெட்டினார்கள். நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்று அதுவரை மருத்துவர்கள் அபூர்வமாகப் பார்த்த ஒன்று. 1960இல் வாக்னரும் உடன் இருந்த இருவரும் அந்தப் பகுதியிலிருந்து 33 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள், ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் அந்த நாருடன் ஏதோ ஒரு வகையில் தொடர்புபட்டவர்கள். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் மட்டுமில்லை, சும்மா அந்த ஊரில் குடியிருந்தவர்கள், சிறு பிள்ளையாக அங்கே வளர்ந்தவர்களும்கூட. ஆஸ்பெஸ்டாஸையும் இந்தப் புற்றையும் உலகம் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தது இங்கிருந்துதான். அப்புறமும் நம் நாட்டில் தடை வர 2008 ஆயிற்று.

அதே 2008இல்தான் நீங்கள் படித்த விஷயமும் வெளிவந்தது. எடின்பரோ ஆய்வாளர்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர் கொண்ட நானோகுழாய்களைச் சுண்டெலியின் வயிற்று உறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். ஏழே நாளில் அழற்சி, சின்னச் சின்னத் திசுக்கட்டிகள், எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் செய்வது போலவே. ஆனால் கட்டுரையில் நீங்கள் தவறவிட்ட, அல்லது எழுதினவர் எழுதாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது: நீளமாகவும் விறைப்பாகவும் இருந்த குழாய்கள்தான் இந்த வேலையைச் செய்தன. குட்டையானவையும் நூல்கண்டுபோல் சுருண்டு கிடந்தவையும் செய்யவில்லை.

ஏன் என்று யோசித்தால் எளிது. நம் உடம்பில் விழுங்கணுக்கள் என்று துப்புரவுக்காரச் செல்கள் இருக்கின்றன. தூசியோ கிருமியோ வந்தால் வாயைத் திறந்து விழுங்கிவிடும். தன்னைவிட நீளமான ஊசியை எப்படி விழுங்கும்? பாதி உள்ளே, பாதி வெளியே. சாரைப்பாம்பு பெரிய தவளையைப் பிடித்துவிட்டு முழிப்பது மாதிரி. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அந்தச் செல் தன் செரிமானச் சாற்றையெல்லாம் வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் புண். அது வருடக்கணக்கில் நடந்தால் புற்று. ஆஸ்பெஸ்டாஸ் நாரைக் கரைக்க உடம்பால் முடியாது என்பதால் அது வருடக்கணக்கில் நடந்தேவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் இதையெல்லாம் எடுத்துவைத்துப் பார்த்து, பல சுவர்க் குழாய்களில் ஏழாம் எண் என்று அழைக்கப்படும் ஒரு குறிப்பிட்ட வகையை மட்டும் "மனிதருக்குப் புற்று உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்றக் குழாய்களைப் பற்றி முடிவு சொல்ல ஆதாரம் போதாது என்றது. அதற்கு அர்த்தம் அவை நல்லவை என்பது இல்லை, தெரியாது என்பதுதான்.

மேற்பரப்பு மாற்றம் இங்கே எப்படி வருகிறது என்றால், 2006இல் ஒரு குழு குட்டையான, நன்றாக வேதித்தொகுதி ஒட்டித் தண்ணீரில் கலக்கும்படி செய்த ஒற்றைச் சுவர்க் குழாய்களைச் சுண்டெலியின் ரத்தத்தில் விட்டுப் பார்த்தது. கல்லீரலில் போய்க் குந்தும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஆச்சரியம், பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியே வந்துவிட்டது. 2010இல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. நம் வெள்ளணுக்களில் கிருமிகளை வெளுத்துக் கொல்ல ஒரு நொதி இருக்கிறது, கிட்டத்தட்ட நாம் துணி வெளுக்கிற ஜிக்கில் உள்ள அதே வகைச் சரக்கைத் தயாரிக்கும் நொதி. அது ஒற்றைச் சுவர் நானோகுழாயை மெல்ல மெல்லக் கடித்துக் கரைத்துவிட்டது. அமிலத்தில் போட்டு மேலே ஆக்சிஜன் தொகுதி ஏற்றிய குழாயைக் கடிப்பது அதற்கு எளிது, நான் சொன்ன அந்த உடைந்த சுவர்தான் பல் நுழைய இடம் கொடுக்கிறது. மருந்து ஏற்றுகிறவனுக்குக் குறையாகத் தெரிந்த அதே ஓட்டை, உடம்புக்கு வரமாக மாறுகிறது பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸுக்கு இந்தப் பல் பதியாது.

ஆகவே தம்பி என்று எல்லாக் குழாயையும் சேர்த்துச் சொல்ல முடியாது. நீளமும் விறைப்புமாக, மேலே ஒன்றும் ஒட்டாமல் இருப்பது தம்பிதான், அவனை யாரும் ஊசியில் ஏற்றப் போவதில்லை. குட்டையாக வெட்டி, மேலே பூசி, கரைகிற மாதிரி செய்தவன் தூரத்துச் சொந்தம். அவனையும் இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும்.

உங்கள் கூரைக்கு என் யோசனை: உடையாத ஓடுகளை அப்படியே விடுங்கள், பெயிண்ட் அடித்து மூடலாம். துளையிடாதீர்கள், அறுக்காதீர்கள், பாசி பிடித்தது என்று அழுத்தத் தண்ணீர் பீய்ச்சித் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அகற்றுவதானால் அதற்கென்று பதிவு பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டுத் தம்பியை வேண்டாம்.

கேள்வி: ஃபுல்லரீன் கலந்த ஆலிவ் எண்ணெய் ஒன்றை எங்கள் யோகா வகுப்பில் விற்கிறார்கள். தினம் ஒரு ஸ்பூன் குடித்தால் ஆயுள் இரட்டிப்பாகும், நோபல் பரிசு வாங்கிய பொருள் என்கிறார்கள். வாங்கலாமா? – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

வேண்டாம்.

காரணம் கேட்பீர்கள், சொல்கிறேன். நோபல் உண்மைதான், 60 கார்பன் அணுக்கள் கால்பந்து மாதிரி கூடியிருக்கும் இந்த மூலக்கூறை 1985இல் கண்டுபிடித்ததற்காக மூன்று பேருக்கு 1996இல் கொடுத்தார்கள். கண்டுபிடித்ததற்குத்தான் பரிசு, குடிப்பதற்கு இல்லை. ஆயுள் கதை 2012இல் பாரிஸிலிருந்து வந்தது. எலிகளுக்கு விஷமாகிறதா என்று பார்க்கத்தான் கொடுத்தார்கள். தண்ணீர் குடித்தவை நடுவாக 22 மாதம், வெறும் ஆலிவ் எண்ணெய் குடித்தவை 26 மாதம், ஃபுல்லரீன் எண்ணெய் குடித்தவை 42 மாதம் வாழ்ந்தன. கேட்கப் பிரமாதம். ஆனால் ஒரு பிரிவுக்கு எத்தனை எலி தெரியுமா? ஆறு. ஆறு எலியை வைத்து நான் என் சர்க்கரை மாத்திரையைக்கூட மாற்ற மாட்டேன்.

பிறகு 2021இல் சுண்டெலிகளை வைத்து வேறொரு குழு கவனமாகச் செய்து பார்த்தது. ஆயுள் நீளவில்லை. அதோடு விட்டால் பரவாயில்லை, அந்த எண்ணெய் வெளிச்சத்தில் இருந்திருந்தால் அதுவே விஷமாகிச் சுண்டெலிகளைக் கொன்றது. ஃபுல்லரீன் ஒளியை வாங்கிப் பக்கத்தில் உள்ள ஆக்சிஜனை ஆவேசமான வடிவத்துக்கு மாற்றும் குணம் உடையது. கட்டியைக் கொல்ல அந்தக் குணத்தைப் பயன்படுத்த முடியுமா என்றுகூட ஆராய்கிறார்கள். உங்கள் யோகா வகுப்பு ஜன்னல் ஓரத்தில் அந்தப் பாட்டில்கள் எத்தனை நாள் நின்றன என்று விற்கிறவரைக் கேளுங்கள்.

கையில் பணம் இருந்தால் வெறும் ஆலிவ் எண்ணெய் வாங்குங்கள், சாலட்டுக்காவது ஆகும்.

கேள்வி: கொரோனா தடுப்பூசியில் கிராஃபீன் ஆக்சைடு இருக்கிறது, அதனால்தான் கையில் காந்தம் ஒட்டுகிறது என்று என் மைத்துனர் இன்றும் சொல்கிறார். – டொங்காட் வாசகர்

இந்த நாட்டில் போட்ட இரண்டு ஊசியிலும் கிராஃபீன் இல்லை. ஃபைசரில் இருந்தது கொழுப்புக் குமிழிக்குள் வைத்த ஆர்.என்.ஏ, ஜான்சனில் இருந்தது வீரியம் நீக்கிய ஒரு வைரஸ். கிராஃபீன் ஆக்சைடு காந்தத்தை இழுக்கும் பொருளும் இல்லை. ஃபைசர் ஊசியின் ஒரு தவணை 0.3 மில்லிலிட்டர். அத்தனையும் இரும்புத் தூளாகவே இருந்தாலும், தோலுக்கும் சதைக்கும் அடியிலிருந்து ஃபிரிட்ஜ் காந்தத்தைப் பிடித்து நிறுத்தாது. காந்தம் ஒட்டுவது வியர்வையில். மைத்துனரின் கையில் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவிவிட்டு மறுபடி ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் நியாயமாகச் சொன்னால், கிராஃபீன் பூசிய முகக்கவசங்கள் உண்மையில் விற்பனைக்கு வந்தன. அதன் துகளை மூச்சில் இழுக்க வாய்ப்பு உண்டு என்று 2021 ஏப்ரலில் கனடா அரசு அவற்றை நிறுத்திவைத்தது, சோதித்துப் பார்த்தபின் சில வகைகளை மட்டும் அதே வருடம் மறுபடி அனுமதித்தது. மைத்துனர் காதில் விழுந்தது இதன் எதிரொலியாகவும் இருக்கலாம். சண்டை போடாமல் பேசிப் பாருங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற நர்ஸ். தொண்ணூறுகளில், கார்பன் பந்து எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று ஒரு செய்தி வார்டில் பரபரப்பாகப் பேசப்பட்டது. அப்புறம் சத்தமே இல்லை. பொய்யா அது? – லெனேசியா வாசகி

பொய் இல்லை அக்கா, நல்ல யோசனைதான். எச்.ஐ.வி. தன் புரதங்களை நீளமாக ஒரே சரமாகச் செய்து, பிறகு ஒரு கத்தரி நொதியால் வெட்டிக்கொள்ளும். அந்தக் கத்தரியின் வாய் குழாய்போல ஒரு குழி, உட்புறம் தண்ணீரை விரும்பாத இயல்புடையது. 1993இல் கலிஃபோர்னியாவில் சிலர் கணினியில் வைத்துப் பார்த்தபோது ஃபுல்லரீன் பந்தின் அளவும் அந்தக் குழியின் அளவும் பொருந்தின, பந்தும் தண்ணீரை விரும்பாதது. பூட்டில் களிமண் அடைத்தது மாதிரி. பந்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தண்ணீருக்குப் பிடித்த கைகளை ஒட்டிக் கரைய வைத்தார்கள், இதுவும் நம் மேற்பரப்பு மாற்றம்தான். சோதனைக் குழாயில் கத்தரி நின்றது.

ஏன் சத்தம் அடங்கியது என்றால், பிடி போதவில்லை. அதே கத்தரியைக் குறிவைத்துச் செய்த சாதாரண மூலக்கூறு மருந்துகள் பல மடங்கு குறைந்த அளவிலேயே வேலை செய்தன, அவற்றில் முதலாவது 1995இலேயே கடைக்கு வந்துவிட்டது. கார்பன் பந்து ரயிலைத் தவறவிட்டது. இன்று நம் கிளினிக்கில் கொடுக்கும் மூன்று மருந்துச் சேர்க்கை மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருக்கிறது, அது வேறொரு நொதியை அடைப்பது. அந்த வருடங்களில் வார்டில் நின்றவர் நீங்கள், எதிர்பார்த்துக் காத்திருந்ததன் வலி என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: அப்போது கரி மருத்துவத்தில் எதற்குமே உதவவில்லையா? – ஸ்டாங்கர் வாசகர்

யார் சொன்னது? இயந்திர இதய வால்வு வைத்தவர் பக்கத்தில் ராத்திரி அமைதியாக உட்கார்ந்து பாருங்கள், டிக் டிக் என்று கேட்கும். அந்தக் கதவுகள் வெப்பக்கார்பன் (பைரோலிடிக் கார்பன்), 1960களின் கடைசியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. வழவழப்பு, தேயாது, ரத்தமும் அதன்மேல் மற்றப் பொருள்களைவிடக் குறைவாகத்தான் உறையும் (குறைவாக என்றேன், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினை நிறுத்திவிடாதீர்கள்).

விஷம் குடித்தவருக்குக் கொடுக்கும் செயலூட்டிய கரி இன்னொன்று. அது குடலோடு நிற்கும், ரத்தத்துக்குள் போகாது, அதுதான் அதன் பத்திரம். எல்லா விஷத்துக்கும் ஆகாது. முக்கியமாக, நம் ஊரில் குழந்தைகள் குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைத்த பாரஃபினை (மண்ணெண்ணெயை) குடித்துவிடுகிறார்களே, அதற்குக் கரியும் கொடுக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, நுரையீரலுக்குப் போனால்தான் ஆபத்து. நேராக மருத்துவமனை.

எனக்கு மிகவும் பிடித்தது சீனாவில் அறுவை மருத்துவர்கள் பயன்படுத்தும் கரிக்கலவை. துகள் சராசரி 150 நானோமீட்டர். ரத்த நுண்குழாயின் இடுக்குக்குள் அது நுழையாது, ஆனால் நிணநீர்க் குழாயின் இடுக்கு பெரியது என்பதால் அதற்குள் மட்டும் போகும். தைராய்டு புற்று அறுவையில் சுரப்பிக்குள் கொஞ்சம் ஊசியால் விட்டால் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்கள் கறுத்துவிடும், பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு என்ற குட்டிச் சுரப்பிகள் கறுக்காது. எதை வெட்ட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம். மருந்தும் இல்லை, முகவரியும் இல்லை, வெறும் அளவு. அந்த அளவு ஒன்றைச் சரியாகப் பிடித்ததிலேயே வேலை முடிந்தது. கிராஃபீனும் மெல்ல நுழைகிறது, 2024இல் மான்செஸ்டரில் மூளைக் கட்டி அறுவையின்போது கிராஃபீன் மின்முனையை ஒரு மனிதரின் மூளை மேல் முதன்முறையாக வைத்துப் பார்த்தார்கள்.

கேள்வி: அங்கிள், நான் பதினொன்றாம் வகுப்பு. கரும்புச் சாற்றிலிருந்து ஒளிரும் கார்பன் புள்ளி செய்யலாம் என்று படித்தேன். அறிவியல் கண்காட்சிக்கு வீட்டு மைக்ரோவேவில் செய்யட்டுமா? – மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாணவன்

தம்பி, உன் ஊர்ப் பெயரையும் கரும்பையும் சேர்த்துப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1860இல் கப்பலில் வந்த நம் ஆட்கள் வெட்டி வெட்டிக் கை காய்த்துப்போன அதே கரும்பு, இப்போது நீ அதை நானோ ஆக்கப் போகிறாயா! நீ படித்தது சரி. கரும்புச் சாற்றை இறுக மூடிய எஃகுப் பாத்திரத்தில் சூடாக்கினால் சர்க்கரை கருகிப் பத்து நானோமீட்டருக்கும் குறைவான புள்ளிகள் வரும், புற ஊதா ஒளியில் நீலமாக மின்னும். இதுவே ஒரு விபத்தில் கிடைத்த பொருள், 2004இல் நானோகுழாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் கழிவில் ஏதோ மின்னுகிறதே என்று பார்த்தது.

ஆனால் அம்மாவின் மைக்ரோவேவைத் தொடாதே. மூடின பாத்திரம் வெடிக்கும், திறந்த பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை, எப்படியானாலும் அடி உனக்குத்தான். வெடிக்காமல் வந்தாலும் இன்னொரு வம்பு இருக்கிறது. நீலமாக மின்னுவது எல்லாம் புள்ளி இல்லை, சர்க்கரை கருகும்போது உண்டாகும் சின்ன மூலக்கூறுகளும் மின்னும். மெல்லிய சவ்வுப் பைக்குள் ஊற்றித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து அவற்றை வெளியேற்றினால்தான் உன் கையில் இருப்பது எது என்று சொல்ல முடியும். பெரிய பெரிய ஆய்வகங்களே இதில் ஏமாந்திருக்கின்றன. உன் ஆசிரியையிடம் சொல்லி ஏதாவது பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு நாள் கேட்டுப் பார், மரியாதையாகக் கடிதம் எழுதினால் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். உலர்ந்த நானோத்தூள் எதையும் காற்றுறிஞ்சி அறைக்கு வெளியே திறக்க மட்டும் விடாதே.

அதுவரை வீட்டில் ஒன்று செய். கடையில் டானிக் வாட்டர் ஒரு பாட்டில் வாங்கு, ரூபாய் நோட்டு – மன்னிக்கவும், ராண்ட் நோட்டு – சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்றும் வாங்கு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை அடி. நீலமாக மின்னும், அது குயினைன். கார்பன் புள்ளி எவ்வளவு நன்றாக மின்னுகிறது என்று அளக்கும்போது வேதியியலாளர்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது குயினைன் சல்ஃபேட்டைத்தான். படம் எடுத்து அனுப்பு, அடுத்த இதழில் போடுவோம்.